சொட்டு அடைத்த பதினோரு ஓட்டைகள்

இது உண்மைக் கதை. என் கைவண்டிச் சக்கரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன். சக்கரம் கொஞ்சம் கோணல், அதனால் கதையும் அங்கங்கே ஒரு பக்கமாக இழுக்கும். நடந்ததை நடந்தபடி சொன்னால் ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அப்புறம் மிச்ச நேரத்தை யார் தள்ளுவது? ஆகவே நாலு இடத்தில் இழுத்து விட்டிருப்பேன். எந்த நாலு இடம் என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துவிட்டது.

முந்தாநாள் மதியம் கோட்டை வாசலில் இதைச் சொன்னேன். ரயில் மூன்று மணி நேரம் தாமதம். டீக்கடை அக்கா, ஊரைச் சுற்றிக் காட்டுகிற கைடு, மூலைவீட்டு லாட்ஜ்காரர், என்னைப் போலப் பெட்டி தள்ளுகிற இரண்டு பேர். இவ்வளவுதான் கூட்டம். அவர்களிடம் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது மணல். அதற்கப்புறமும் மணல்தான். கண் வலிக்கிறவரைக்கும் மணலைப் பார்த்தபின் ஒரு மேடு, மேட்டின் மேல் மஞ்சள் கல் மதில், மதிலுக்குள் ஊர். மதிலுக்கு எண்ணூறு வயது என்பான் கைடு. கூட்டம் பெரிதாக இருந்தால் ஆயிரம் ஆக்கிவிடுவான். மோட்டார் வண்டி எதுவும் உள்ளே வராது. சந்துகள் எப்படி என்றால், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் தொப்பை என்றால் ஒருவர் திரும்பிப் போய் நாளைக்கு வர வேண்டும். அதனால்தான் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது. என் வண்டி சவப்பெட்டி அகலம். எந்தச் சந்திலும் போகும்.

கதை என் மாமாவைப் பற்றியது. என் அக்காவைக் கட்டியவர், குழாய் வேலை செய்கிறவர். ஊர் முழுக்க அவருக்குச் சொட்டு என்றுதான் பெயர். மூன்று வீடு தள்ளி ஒரு குழாய் சொட்டினால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று எல்லோரும் தேடினோம். சமையல்கட்டில் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் அக்கா அன்றைக்கே புரிந்துகொண்டாள், தனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள், அவளுக்கு வாஷர் போய்விட்டது என்று.

பேச்சு ரொம்பக் குறைவு. ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை. அதில் எட்டு, "சரிண்ணே."

அந்த அண்ணன்தான் பெரிய மாமா. பரம்பரை வீட்டை லாட்ஜ் ஆக்கியவர். வீட்டின் பின்பக்கச் சுவர் வேறு, கோட்டை மதில் வேறு இல்லை. மதிலேதான் சுவர். அதில் வெளியே துருத்திக்கொண்டு ஒரு கல் ஜன்னல். அந்த ஜன்னல் இருக்கிற அறைக்குத்தான் வருகிறவர்கள் அடித்துக்கொள்வார்கள். அதில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே எண்பது அடிப் பள்ளம், முன்னால் உலகத்தின் கடைசி வரைக்கும் மணல்.

"எண்பது இல்ல, முப்பது," என்றான் கைடு.

"நீ மதிலுக்கு இருநூறு வயசு கூட்டுற, நான் அம்பது அடி கூட்டக் கூடாதா?" என்றேன். மேலே சொன்னேன்.

இந்த மதிலைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். சுண்ணாம்பு கிடையாது, சிமெண்ட் கிடையாது. ஒரு கல்லின் நாக்கு இன்னொரு கல்லின் பள்ளத்தில் உட்காரும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கல், நடுவில் மணலும் சல்லியும். கட்டியவர்கள் காலத்தில் ஒரு வீட்டுக்கு நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர். அதில் தப்பித் தவறிச் சுவருக்குள் இறங்குகிற ஈரம் வெளியே போக, மதிலின் அடியில் விரல் பருமனுக்கு ஓட்டைகள் விட்டிருந்தார்கள். இப்போது எங்கள் ஊருக்கு வருகிற ஒரு ஆள் ஒரு குளியலுக்குச் செலவழிக்கிற தண்ணீரில் அந்தக் காலத்துத் தெருவே ஒரு வாரம் குடித்திருக்கும். பெரிய மாமா மாடியில் மூன்று புது பாத்ரூம் கட்டினார். சுவருக்குள் தண்ணீர் இறங்கியது. ஓட்டைகள் வழியே ஒழுகி, மதிலின் வெளிப்பக்கம் கறுப்புக் கறுப்பாகக் கறை பிடித்தது.

கீழே நின்று போட்டோ எடுக்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய மாமாவுக்கு மானம் போயிற்று.

"அசிங்கமா இருக்குடா. அடைச்சு விடு."

சொட்டு மாமா தலையைச் சொறிந்தார். "அது சுவர் மூச்சு விடுற ஓட்டைண்ணே."

"வாசல் வழியா விடட்டும்."

"சரிண்ணே."

அடைத்தார். பதினோரு ஓட்டை. என் மாமாவுக்கு ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாது, தப்பு வேலையாக இருந்தாலும். சிமெண்ட்டில் அதே மதிலின் கல்லைப் பொடித்துக் கலந்து, உலர்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே மணலை ஊதி விட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் எங்கே அடைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வந்தார். அது நாலு மாதத்துக்கு முன்.

இப்போது கதைக்குள் ஒரு அம்மா வருகிறார்.

முப்பத்திரண்டு வருடம் தபால் ஆபீஸில் முத்திரை குத்திய கை. நல்ல ஆகிருதி. எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் என்பது இருபது வருட ஆசையாம். வீட்டுக்காரரையும் கேமராவையும் இழுத்துக்கொண்டு வந்து இறங்கினார். கோட்டை வாசலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே மூன்றாவது படியில் கால் வைத்தார். படி அங்கே இல்லை, நாலாவதில் இருந்தது. கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. பெட்டிகளோடு பெட்டியாக அவரையும் என் வண்டியில் ஏற்றி லாட்ஜில் சேர்த்தேன். கீழ்த்தளத்தில், மாடிப்படி இல்லாத அறை அந்த ஜன்னல் அறைதான்.

மூன்றாவது நாள், உச்சி வெயில். மாடியில் காலி செய்கிறவர்களின் பெட்டியை எடுக்கப் போயிருந்தேன். அம்மா அறையில் குழாய் சொட்டுகிறது என்று சொட்டு மாமாவும் வந்திருந்தார். அம்மா ஜன்னலில் காலை நீட்டி உட்கார்ந்து, வெளியே யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் வேலை செய்தாலும், மதிலோடு சேர்ந்த சுவரில் இரண்டு கல் சேருகிற இடத்தில் ஒரு பழைய பேப்பர்த் துண்டை மாவுப் பசையால் ஒட்டிவிட்டு வருவார். சுவர் சும்மா இருந்தால் பேப்பரும் சும்மா இருக்கும். சுவர் நகர்ந்தால் பேப்பர் கிழியும். இந்த அறையிலும் ஒட்டியிருந்தார். பேப்பர் அசிங்கமாக இருக்கிறதென்று பெரிய மாமா அதன் மேல் ஒரு படத்தை மாட்டிவிட்டார்.

மாமா வாஷரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். சுவரில் தோள் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. படத்தைக் கழற்றினார். பேப்பர் இரண்டு துண்டாக இருந்தது. நடுவில் இருந்த இடைவெளியில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

"அம்மா, கொஞ்சம் எழுந்து வெளியே வாங்க."

"எதுக்குப்பா?"

"சுவர்... சரியில்ல."

"இருபது வருஷம் ஆசைப்பட்டு வந்து, ஊர்ல ஒரு தெருவைப் பாக்கல. எனக்குக் கிடைச்சது இந்த ஜன்னல் ஒண்ணுதான். குழாய்க்காரர் சொன்னார்னு இதையும் விட்டுட்டு வரணுமா? ஓனரைக் கூப்பிடு, அவர் சொல்லட்டும். போறப்போ கதவைச் சாத்திட்டுப் போ, தூசி வருது."

மாமா கதவைச் சாத்தினார். ஒரு குழந்தையைத் தூளியில் கிடத்துகிற மாதிரி சாத்தினார். அவர் வெளியே வந்தபோது, பெட்டியோடு இறங்கி வந்த நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் அக்கா பிரசவ வலியில் கத்தியபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

பெரிய மாமா முற்றத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த ரூமைக் காலி பண்ணணும்."

"எப்போ?"

"இப்போ."

"ஏன், ராஜா வர்றாரா?"

"பேப்பர் கிழிஞ்சிருக்கு."

"உன் பேப்பர்தானே? வேற ஒட்டு."

"விரல் போகுதுண்ணே."

"மெதுவாப் பேசுடா. மாடியிலேர்ந்து ஆள் இறங்குறாங்க. சுவர் நகருதுன்னு ஒரு வாய் வெளியே போச்சுன்னா இந்த சீசன் அவ்வளவுதான். நம்ம லாட்ஜ் மட்டும் இல்ல, மதில் மேல இருக்கிற அத்தனை பேரும் என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. சாயங்காலம் பாத்துக்கலாம். அவங்க வீட்டுக்காரர் வரட்டும், பதமா வேற ரூமுக்கு மாத்தலாம்."

"சாயங்காலம் வரைக்கும்..." என்று மாமா இழுத்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. யாரோ விரலில் சொடக்கு எடுத்த மாதிரி. ஆனால் அந்த விரல் ஆறு அடி நீளம் இருக்க வேண்டும். உள்ளே ஏதோ கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது.

"யாருப்பா அது? அலமாரி ஆடுது!" என்றார் அம்மா உள்ளிருந்து.

பெரிய மாமா ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். அசையவில்லை. மேலே நிலைக்கட்டை இறங்கிக் கதவின் தலையில் உட்கார்ந்திருந்தது. இரும்புப் பட்டை அடித்த பழைய பலகைக் கதவு, யானை முட்டினாலும் யானைக்குத்தான் தலைவலி. பெரிய மாமா இரண்டு அடி பின்னால் போய்த் தோளைக் குறுக்கினார், இடிப்பதற்கு.

"அண்ணே, கையை எடு."

சொன்னது சொட்டு மாமா. பெரிய மாமா திரும்பி யார் பேசியது என்று தேடினார். பிறந்ததிலிருந்து அந்தக் குரலில் "சரிண்ணே" தவிர வேறு கேட்டதில்லை அவர்.

"இடிச்சா மொத்தமும் வந்துடும். அந்தக் கதவுதான் இப்போ நிலையைத் தாங்கிட்டிருக்கு. மேல தொடாதே. கீழ்ப் பலகையை மட்டும் அறு." பையிலிருந்து இரும்பு அறுக்கிற பிளேடு ஒன்றை எடுத்து, சோப்பில் இரண்டு தரம் இழுத்து, அண்ணன் கையில் வைத்தார். "அடிக்காதே. அறு. சோப்புப் போட்டுப் போட்டு அறு."

"நீ எங்கேடா போற?"

"தண்ணியைத் திறந்து விட. உள்ளே நாலு மாசத் தண்ணி நிக்குது. அதுதான் சுவரை வெளியே தள்ளுது."

மாடியில் இருந்தவர்களை இறக்கித் தெருவில் விட்டார். என்னைப் பார்த்து, "நீ அடுத்த வீட்டு மாடிக்குப் போ. எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல நீதான் வாய். அந்த அம்மாவை ஜன்னலை விட்டு வரச் சொல்லு," என்றார். ஒரு வருடத்துக்கான பேச்சை அந்த ஒரு நிமிடத்தில் பேசிவிட்டு ஓடினார். என் மாமா ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வீட்டு மாடியில் நின்றால் ஒரு பக்கம் லாட்ஜ் முற்றமும் அந்தக் கதவும் தெரியும். மறு பக்கம் மதிலின் வெளிப்புறம் அடி வரைக்கும் தெரியும். எட்டிப் பார்த்தேன். தினமும் பார்க்கிற மதில், கர்ப்பிணி வயிறு மாதிரி ஜன்னலுக்குக் கீழே உப்பியிருந்தது. இத்தனை நாள் எங்கள் கண் எங்கே மேயப் போயிருந்ததோ!

அந்த வயிற்றுக்கு நேர் கீழே ஒரு ஆள். தொப்பி, கேமரா. அம்மாவின் வீட்டுக்காரர்.

"இன்னும் கொஞ்சம் வெளியே சாஞ்சுக்கோ. முகம் தெரியல!" என்று மேலே பார்த்துக் கத்துகிறார்.

"இப்போ?" என்று அம்மா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டுகிறார்.

"அம்மா! உள்ளே போங்க! ஐயா! தள்ளிப் போங்க!"

"என்னப்பா, போட்டோவுல நீயும் வரணுமா?" என்றார் அவர்.

"சுவர் விழப் போகுதுய்யா!"

அவர் கேமராவை இறக்கினார். மேலே பார்த்தார். அந்த முகத்தில் அப்போது இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. "இறங்கி வா! இறங்கி வா!" என்றார், ஏதோ அந்த அம்மா மரத்தில் ஏறியிருக்கிற மாதிரி.

அதற்குள் சொட்டு மாமா வாசலைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். அவரைப் பிடித்துத் தூரத்தில் தள்ளினார். "யாரையும் இந்தப் பக்கம் விடாதீங்க," என்று அவருக்கே காவல் வேலை கொடுத்துவிட்டு, கையால் சுற்றுகிற துரப்பணத்தை எடுத்துக்கொண்டு மதிலடியில் குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாமா?"

"தெரியலடா."

"என்ன தெரியல?"

"ஓட்டை எங்கே இருக்குன்னு தெரியல."

அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தார் மனுஷன். நாற்பது அடி நீளத்துக்கு மதில் அடி ஒரே மாதிரி மஞ்சள். எந்தக் கல், எந்த இடுக்கு? கண்ட இடத்தில் துளைத்தால் கல் விரியும். முன்னும் பின்னும் நடந்தார். தன் கைவேலையைத் தானே திட்டிக்கொண்டார். அந்த வார்த்தைகளை டீக்கடை அக்கா முன்னால் சொல்ல முடியாது.

பிறகு செருப்பைக் கழற்றி வீசினார். துரப்பணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறும் உள்ளங்கையை மதிலின் மேல் வைத்தார். உச்சி வெயில். அந்தக் கல்லில் தோசை சுடலாம், நான் மிகைப்படுத்தவில்லை. கையை எடுக்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து அடி நடந்தார். நின்றார். "இங்கே குளிருது," என்றார்.

பின்னால் தண்ணீர் நிற்கிற இடத்தில் கல் சூடாகவில்லை. அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். கல்லுக்குக் கல் உள்ளங்கைத் தோலை விட்டுக்கொண்டு.

உள்ளே பெரிய மாமா அறுத்துக்கொண்டிருந்தார். கர்ர்... கர்ர்... ஒவ்வொரு இழுப்புக்கும் நிலைக்கட்டையிலிருந்து மண் உதிர்ந்தது.

"அம்மா, ஜன்னலை விட்டுக் கதவுப் பக்கம் வாங்க," என்றேன் மாடியிலிருந்து.

"வந்துகிட்டுதான் இருக்கேன். ஒத்தைக் கால்ல ஓடவா சொல்ற?" தரையில் உட்கார்ந்து பின்பக்கமாக நகர்ந்து வருகிறார் என்று பிறகு தெரிந்தது. "யாருப்பா கதவை அறுக்கிறது?"

"நான்தாம்மா, ஓனர்."

"நீ வந்து சொன்னாதான் எழுந்திருப்பேன்னு சொன்னேன். கதவை அறுத்துட்டு வரணும்னு சொல்லல."

பெரிய மாமா பிளேடில் மறுபடியும் சோப்பைத் தேய்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

கீழே சொட்டு மாமா இரண்டு ஓரத்திலிருந்தும் மாறி மாறித் துளைத்தார். நடுவில் முதலில் திறந்தால் மதிலின் வயிறு கிழிந்துவிடும் என்பது அவர் கணக்கு. முதல் ஓட்டையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் நூல் மாதிரி தண்ணீர். மூன்றாவதில் நுரை. ஆமாம், நுரை! எண்ணூறு வருட மதில் வாயிலிருந்து ஷாம்பு நுரை. வாசனைகூட மேலே வந்தது.

நுரையோடு மணலும் வந்தது. மாமா பதறிவிட்டார். தண்ணீர் போகலாம், மணல் போகக் கூடாது. மணல் போனால் சுவருக்குள் பொத்தல் விழும், மேலே இருப்பது உட்காரும். சட்டையைக் கழற்றிக் கிழித்து ஒவ்வொரு ஓட்டையிலும் திணித்தார். தண்ணீர் வடிந்தது, மணல் நின்றது. சட்டை தீர்ந்ததும் வேட்டியில் கை வைத்தார்.

"மாமா, அது மட்டும் வேண்டாம், கூட்டம் சேர்ந்துடும்!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. என் வாய் பழக்க தோஷத்தில் பேசுகிறது.

பத்து ஓட்டை திறந்தாயிற்று. மிச்சம் நடு ஓட்டை. சரியாக அந்த வயிற்றுக்குக் கீழே. அதை விட்டுவிட்டு மாமா தள்ளி வந்து நின்றார்.

கீழ்ப் பலகை கழன்று விழுந்தது. ஒரு முழ உயரத்துக்குச் சந்து. பெரிய மாமா ஒரு படுக்கை விரிப்பை உள்ளே தள்ளினார்.

"அம்மா, இதுல மல்லாந்து படுங்க. இழுக்கிறேன்."

"நான் என்ன பார்சலா?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பார்சலா இருங்கம்மா. கையெடுத்துக் கும்பிடுறேன்."

தலை வந்தது. தோள் வந்தது. கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கியது. இடுப்பு வரவில்லை. பலகைக்கும் தரைக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டது. பெரிய மாமா இழுக்கிறார், அம்மா மூச்சை அடக்குகிறார், ஒரு விரல்கூட நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே தண்ணீர் நின்றது.

பத்து ஓட்டையிலும் ஒரே சமயத்தில். திணித்த துணியில் சேறு அப்பிக்கொண்டது. மாமா ஒன்றைப் பிடுங்கினார், இன்னொன்றைப் பிடுங்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அந்தச் சொடக்கு. ஒன்று. ஒன்று. இன்னொன்று. மேலேயிருந்து தட்டு அளவுக்கு ஒரு கல் சில்லு அவர் பக்கத்தில் விழுந்து புதைந்தது. கதவின் மேல் நிலைக்கட்டை ஒரு விரல் இறங்கியது. அம்மாவின் வயிற்றின் மேல் பலகை அழுத்தியது. அவர் முதல் தரமாகக் கத்தினார்.

"மாமா! மாட்டிக்கிட்டாங்க! சீக்கிரம்!"

அவர் மேலே பார்க்கவில்லை. நடு ஓட்டைக்கு முன்னால் மண்டி போட்டார். மதிலின் உப்பிய வயிறு அவர் தலைக்கு மேல் இருந்தது, கையை உயர்த்தினால் தொடலாம். அப்போது அவர் என்ன நினைத்தார் என்று நான் பிறகு கேட்டேன். "நாலு மாசம் முன்னாடி இதை நல்லாக் குழைச்சோமேன்னு நினைச்சேன்," என்றார். உள்ளங்கையில் தோல் இல்லை. இரண்டு மணிக்கட்டாலும் துரப்பணத்தைப் பிடித்துச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு. சிமெண்ட் இறங்கவில்லை. துரப்பணத்தின் பின்பக்கத்தை நெஞ்சால் அழுத்திக்கொண்டு சுற்றினார்.

பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். துரப்பணம் எகிறிப் பறந்தது. கறுப்புத் தண்ணீர் அவர் நெஞ்சில் அடித்து அவரைப் பத்தடி தூக்கி எறிந்தது.

"எத்தனை அடி?" என்றான் கைடு.

"மூணு," என்றேன். "விழுந்தது உண்மை."

தண்ணீர் போகப் போக அந்தச் சொடக்கு நின்றது. நின்றது என்றால், ஊரே காதைப் பொத்திக்கொண்ட மாதிரி அமைதி. பெரிய மாமா மீதியிருந்த சோப்பு முழுவதையும் பலகையின் அடியில் தேய்த்தார். விரிப்பின் இரண்டு நுனியையும் கையில் சுற்றிக்கொண்டு, கால்களைச் சுவரில் உதைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். அம்மா வழுக்கிக்கொண்டு வந்து அவர் மேலேயே விழுந்தார். இரண்டு பேரும் உருண்டு முற்றத்துக்கு வந்தார்கள். அம்மாவின் கட்டைவிரல் நுனி வெளியே வந்த அந்த நொடி, அந்தச் சுவர், ஜன்னல், கட்டில், எல்லாம்...

"பொய்!" என்று டீக்கடை அக்கா கரண்டியைத் தட்டினாள். "மறுநாள் காலைல விழுந்துச்சு. நான் பால் காய்ச்சிட்டிருந்தேன்."

"சரி, மறுநாள் காலை. கயிறு கட்டி ஆளையெல்லாம் விலக்கிட்டதால ஒரு ஈ காக்காவுக்குக்கூட அடிபடல. ஆனா அந்தப் பத்து ஓட்டை, அப்புறம் அந்த ஒரு ஓட்டை இல்லேன்னா அது அன்னிக்கே, அந்த நொடியே விழுந்திருக்கும். இதுல பொய் இருக்கா?"

அக்கா கரண்டியை மறுபடியும் பாலில் விட்டாள்.

சேற்றில் குளித்தவராக, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொட்டு மாமா முற்றத்துக்கு வந்தார். அம்மாவின் வீட்டுக்காரர் அவர் காலில் விழாத குறை. "கடவுள் மாதிரி வந்தீங்க," என்று அழுதார். பெரிய மாமா தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

"நான் கடவுள் எல்லாம் இல்லீங்க," என்றார் சொட்டு மாமா. "அந்த ஓட்டைகளை அடைச்சவனே நான்தான்."

அம்மா கண்ணாடியை நேராக்கிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "அடைச்சதும் நீ, திறந்ததும் நீ. நடுவுல என்னை எதுக்குப்பா இழுத்தே?"

பெரிய மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான்தாம்மா அடைக்கச் சொன்னேன். அவன் வேண்டாம்னுதான் சொன்னான்."

"ஒரு தரம்தானே சொன்னேன்," என்றார் சொட்டு மாமா. அதைச் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் ரயில் வரும்வரை நிம்மதியாக இருந்திருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்குமா?

"அத்தோட முடியல," என்றேன். "மாமா அடைச்சது அந்த ஒரு வீடு மட்டுமா? அண்ணன் வீட்டு மதில் பளபளன்னு ஆனதைப் பாத்து, எனக்கும் அடைச்சுக் கொடு, எனக்கும் அடைச்சுக் கொடுன்னு எத்தனை பேர் வந்தீங்க? இருபத்தி மூணு வீடு. ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டுக்கிட்டு நேத்திலேர்ந்து வீடு வீடா ஏறி இறங்குறார், திறந்து விடுறேன்னு. ஒருத்தனும் கதவைத் திறக்கல."

மூலைவீட்டு லாட்ஜ்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "என்னைப் பாத்து ஏன்டா சொல்ற? என் சுவர்ல அடைக்கவும் இல்ல, திறக்கவும் இல்ல."

"உங்க பின்பக்கம் நாலு வருஷமா ஒழுகின கறை எங்கே போச்சு அண்ணே?" என்றான் கைடு. "சுத்தமான சுவர்னு நானே ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கேன்."

"காட்டினேல்ல? அப்போ எல்லா லாட்ஜ்காரனும் அடைக்கக் காரணம் நீதான்! கறை இருக்கிற பக்கம் உன் ஆளுங்களைக் கூட்டிட்டே வர மாட்டே!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் டீக்கடை அக்கா. "இன்னிக்கே திறந்து விடுங்க. அந்த மூலைவீட்டுச் சுவருக்குக் கீழேதான் என் கடை இருக்கு."

"உன் கடைக்குப் பின்னாடி இருக்கிற மூணு ஓட்டை?" என்றார் லாட்ஜ்காரர். "பாத்திரம் கழுவுற தண்ணி திரும்பி வருதுன்னு நீயே கந்தலை வச்சு அடைக்கல?"

அக்கா வெளியே வந்துவிட்டாள், கரண்டியோடு. "கந்தலும் சிமெண்ட்டும் ஒண்ணாடா? உன் ரூம்ல இப்போ எத்தனை பேர் தங்கியிருக்காங்க? சொல்லு! ஜன்னல் ரூம்ல யாரு இருக்கா?"

லாட்ஜ்காரர் சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் திணித்தார். கைடு எழுந்தான். "கேக்கிறாங்கல்ல? யாரு இருக்கா?"

"கையை எடுடா!"

"முதல்ல சாவியைக் கொடு!"

சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து என் டீயில் விழுந்தது. பெட்டி தள்ளுகிற இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

"யோவ், பெஞ்சைக் கீழே வைங்கய்யா!" என்று அக்கா கத்தினாள். "நீ என்னடா பாத்துட்டு நிக்கிற? ஓடிப்போய் உன் மாமாவைக் கூட்டிட்டு வா!"